பைக் செயின், ஸ்ப்ராக்கெட் நட்டுகள் கழலாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செயினில் ஓடும் 100 சிசி முதல் 350 சிசி வரையிலான வண்டிகளை மனதில் வைத்து எழுதியது இது. எஞ்சினிலிருந்து பின்சக்கரம் வரை இழுவை போகும் வழியில் இருக்கும் நட், போல்ட், ஸ்டட் (தலை இல்லாமல் இரு முனையிலும் மரை உள்ள போல்ட்), லாக் எல்லாம் இதில் அடக்கம். இங்கே தரும் இறுக்க அளவுகள் பொதுவானவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றாக இறுக்கித்தான் வைக்கிறோம். பிறகும் நட் ஏன் கழல்கிறது? அதிர்வுதானே காரணம்?

அதிர்வு மட்டும் காரணமில்லை. நட்டை இறுக்கும்போது போல்ட் ஒரு விறைத்த ஸ்பிரிங் போல நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புதான் இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) இழுவையை ஹப்புக்குக் (சக்கரத்தின் நடுப்பாகம்) கொண்டுபோவது பெரும்பாலும் போல்ட்டின் உடம்பு அல்ல, இந்த அழுத்தத்தால் வரும் உராய்வு. பிடிப்பு போதுமான அளவு இருக்கும்வரை இரண்டும் ஒரே துண்டு போல நகரும். நட்டுக்குத் திரும்ப வழியே கிடையாது. பிடிப்பு குறைந்து, பாகங்கள் ஒன்றின் மேல் ஒன்று துளி வழுக்க ஆரம்பித்தால்தான் வினை. ஒவ்வொரு வழுக்கலிலும் மரையில் இருக்கும் உராய்வு ஒரு கணம் விட்டுப்போகும், அந்தக் கணத்தில் நட் இம்மியளவு பின்னால் சுழலும். கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் 1969-ல் இதைச் சோதனைக் கருவி வைத்தே காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிட, குறுக்குவாக்கில் வரும் அசைவுதான் நட்டை மிக வேகமாகக் கழற்றுகிறது. செயின் ஸ்ப்ராக்கெட்டை இழுப்பதோ எப்போதும் குறுக்குவாக்கில்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். 8.8 தரமுள்ள எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட்டை 25 நியூட்டன் மீட்டருக்கு (இறுக்கும் முறுக்கின் அளவு) இறுக்கினால் கிடைக்கும் பிடிப்பு, சுமார் 1,600 கிலோ எடையை மேலே வைத்ததற்குச் சமம். ஆனால் 20 மி.மீ. கனத்தைப் பிடித்திருக்கும் அந்தப் போல்ட் இதற்காக நீள்வது ஏறத்தாழ 0.04 மி.மீ. மட்டுமே. எம்8 மரையின் ஒரு சுற்று 1.25 மி.மீ. அப்படியானால் நட் 12 டிகிரி அளவு, அதாவது நிமிட முள் இரண்டு நிமிடத்தில் நகரும் தூரம், பின்னால் போனாலே பிடிப்பின் பெரும்பகுதி போய்விடுகிறது. அந்த நிலையில் விரலால் தொட்டால் நட் இறுக்கமாகவே தெரியும். அதனால்தான் "நேற்றுகூட ஆட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது" என்பது ஒரு சோதனையே ஆகாது.

அப்படியானால் இறுக்கியது பிடிப்பை இழப்பது எதனால்?

பெரும்பாலும் இடையில் சிக்கிய ஏதோ ஒன்றால். பவுடர் கோட்டிங் என்றால் அது 0.06 முதல் 0.1 மி.மீ. தடிமன். போல்ட் நீண்டிருப்பதே 0.04 மி.மீ.தான். பெயிண்ட் அடித்த ஹப்பின் மேல் ஸ்ப்ராக்கெட்டை வைத்து இறுக்கினால், ஓட ஓடச் சூட்டிலும் அழுத்தத்திலும் பெயிண்ட் நசுங்கி வெளியேறும். நட் ஒரு டிகிரிகூடத் திரும்பாமலேயே பிடிப்பு காலியாகும். காய்ந்த செயின் கிரீஸ், மண், துரு, துளை ஓரத்தில் நிற்கும் பிசிறு, மெல்லிய மலிவு வாஷர் எல்லாமே இதே வேலையைத்தான் செய்யும்.

அடுத்த காரணம் முதலிலேயே குறைவாக இறுக்குவது. மூன்றாவது, செயினும் ஹப் ரப்பரும் கெட்டு, ஸ்ப்ராக்கெட்டுக்கு விழும் அடி அளவுக்கு மீறிப்போவது. லாக் வாஷர் இல்லாததால் கழன்றது என்பது உண்மையில் மிகக் குறைவு.

கழல ஆரம்பித்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

நட்டின் அடியைப் பாருங்கள். இரும்பும் இரும்பும் உரசும் இடத்தில் குங்குமம் போல செம்பழுப்புத் தூள் கசியும். அது மழையில் வந்த துரு அல்ல, உள்ளே வழுக்கல் நடக்கிறது என்பதற்கான சாட்சி. அலுமினிய ஹப்பாக இருந்தால் கருப்பு மை போலப் படியும். துடைத்துவிட்டு 100 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி வந்திருந்தால் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தே ஆகவேண்டும்.

ஓட்டும்போது தெரிவது: ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது பின்னால் "டக்" என்ற சத்தம், மெதுவாகப் போகும்போது ஒரே இடைவெளியில் வரும் கிளிக், செயின் கவரில் உரசும் ஓசை.

முன் ஸ்ப்ராக்கெட்டை எப்படிப் பூட்டுவது? கையால் ஆட்டினால் ஆடுகிறதே!

அது எந்த வகை என்பதைப் பொறுத்தது. 100, 125 சிசி வண்டிகள் பலவற்றில் முன் ஸ்ப்ராக்கெட்டை ஒரு பல் உள்ள தகடு பிடித்திருக்கும். எஞ்சினிலிருந்து வரும் ஷாஃப்டின் பள்ளத்தில் அந்தத் தகட்டைச் செருகி, அரைப்பல் அளவு திருப்பி, இரண்டு எம்6 போல்ட்டால் ஸ்ப்ராக்கெட்டோடு பூட்டுவார்கள். இந்த வகையில் ஸ்ப்ராக்கெட் உள்ளும் வெளியுமாகக் கொஞ்சம் ஆடுவது இயல்பு, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். செயின் தன் கோட்டைத் தானே தேடிக்கொள்ளும். ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து வாஷர் செருகி அடைக்காதீர்கள். ஆனால் ஸ்ப்ராக்கெட்டைச் சுழலும் திசையில் முன்னும் பின்னும் அசைத்தால் தெரியும் ஆட்டம் வேறு. அது ஸ்ப்லைன் (ஷாஃப்டும் ஸ்ப்ராக்கெட்டும் ஒன்றையொன்று பிடிக்கும் நீளவாக்குப் பற்கள்) தேய்ந்ததன் அடையாளம். அந்தத் தேய்மானம் ஷாஃப்டில் இருந்தால் எந்த லாக்கும் உதவாது.

இந்த எம்6 போல்ட்டுகளுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். "முன் ஸ்ப்ராக்கெட் முக்கியமான இடம் ஆயிற்றே" என்று நீளமான ஸ்பேனர் போட்டு இழுத்தால் போல்ட் கழுத்தோடு முறியும், இல்லையேல் மரை உருவும். மரையைச் சுத்தம் செய்து நடுத்தர வலிமையுள்ள மரைப்பசை (மரை கழலாமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள். தகடு ஷாஃப்ட் பள்ளத்தில் தேய்ந்து கத்தி போலக் கூர்மையாகியிருந்தால் புதிய தகடு வாங்கிவிடுங்கள். செயின் செட்டோடு சேர்த்தே மாற்றுவது நல்லது.

இன்னொரு வகையில் ஷாஃப்டின் நுனியில் ஒரே பெரிய நட், அதன் அடியில் மடக்கும் லாக் வாஷர். இங்கே வேலை வேறு மாதிரி. கழற்றும்போது செயினை எடுப்பதற்கு முன்பே நட்டைத் தளர்த்திவிடுங்கள். வண்டியின் எடை பின்சக்கரத்தின் மேல் இருக்க, ஒருவர் பின் பிரேக்கை முழுதாக மிதித்துக்கொண்டால் செயினே ஸ்ப்ராக்கெட்டைப் பிடித்துக்கொள்ளும். பல் இடையில் ஸ்க்ரூ டிரைவர் செருகிப் பிடித்தால் பல் நசுங்கும், கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) உடையவும் வாய்ப்புண்டு. சில வண்டிகளில் இந்த நட் இடது மரையாக இருக்கும், கடிகார திசையில் சுற்றினால்தான் கழலும். முதல் முறை கை வைக்கும்போது மேனுவலைப் பார்க்காமல் இரும்புக் குழாய் மாட்டி இழுக்காதீர்கள்.

பூட்டும்போது லாக் வாஷர் புதிதாக இருக்கட்டும். ஒருமுறை மடக்கி நிமிர்த்திய தகட்டின் மடிப்பில் விரிசல் விழுந்திருக்கும். மறுபடி மடக்கினால் சில நூறு கிலோமீட்டரில் அது ஒடிந்து விழும். நட்டைச் சொன்ன அளவுக்கு இறுக்கிய பிறகு, நட்டின் தட்டையான முகத்தோடு ஒட்டி நிற்கும்படி வாஷரை மடக்குங்கள். மூலையில் மடக்கியிருந்தால் நட்டு திரும்ப இடம் இருக்கும். தட்டை முகம் நேருக்கு வரவில்லை என்றால் கொஞ்சம் கூடுதலாக இறுக்கலாம். பின்னால் தளர்த்திக் கொண்டுவரக் கூடாது.

பின் ஸ்ப்ராக்கெட் நட்டுகள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை லூஸாகின்றன. என்ன செய்வது?

கழற்றாமல் அப்படியே மறுபடி மறுபடி இறுக்குவதை முதலில் நிறுத்துங்கள். ஒருமுறை முழுவதும் கழற்றிச் சரியாகப் பூட்டினால் தீரும் பிரச்சினை இது.

இந்த இடத்தில் விழும் சுமையை உணர வேண்டும். 150 சிசி வண்டி முதல் கியரில் முழு இழுவையில் போகும்போது செயினின் இழுப்பு 400 கிலோ எடைக்கு நெருக்கமாக இருக்கும். ஸ்ப்ராக்கெட்டின் விட்டம் பெரிது, நட்டுகள் நிற்கும் வட்டம் சிறிது. அதனால் நான்கு நட்டுகளிடமும் போய்ச் சேரும் சுமை அதைவிட அதிகம். நான்கும் சரியாக இறுகியிருந்தால் உராய்வே அதைத் தாங்கிவிடும், ஆனால் மிச்சம் அதிகம் இருக்காது. ஒன்று தளர்ந்தால் மற்ற மூன்றும் வழுக்கலுக்கு வெகு அருகில் வந்துவிடும். பின் சக்கர ஸ்டட்டுகள் ஒன்றோடு நிற்காமல் அடுத்தடுத்து முறிவது இதனால்தான்.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்ப்ராக்கெட்டையும் அதைத் தாங்கும் ஹப்பையும் தனித்தனியாக எடுங்கள். இரண்டும் தொடும் முகங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, கடைசியாக பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தால் நூல் பிசிறு எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தொடும் முகத்தில் பெயிண்ட் இருந்தால் உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை எடுங்கள். துளைகள் வட்டமாக இருக்கின்றனவா? முட்டை வடிவமாகியிருந்தால் ஸ்ப்ராக்கெட் போய்விட்டது. ஹப்பின் துளை அப்படி ஆகியிருந்தால் ஹப்பும் போய்விட்டது.

அடுத்து ஸ்டட். நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் சேர்ந்து சுழன்று வந்ததா? வந்திருந்தால், நட் கழன்றதாக நீங்கள் நினைத்த பல தடவையும் உண்மையில் ஹப் பக்கத்து மரைதான் தளர்ந்திருக்கும். ஸ்டட்டை முழுதாக எடுத்து, இரு பக்க மரையையும் சுத்தம் செய்து, ஹப்புக்குள் போகும் பக்கத்தில் அதிக வலிமையுள்ள சிவப்பு வகைப் பசை போட்டு, இரண்டு நட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பூட்டி அவற்றைப் பிடித்துத் திருகி உட்கார வையுங்கள். ஒரு நாள் அப்படியே விடுங்கள்.

ஸ்ப்ராக்கெட்டில் எண் அடித்த பக்கம் வெளியே தெரிய வேண்டும். எல்லா நட்டையும் கையால் உட்காரும்வரை திருகி, பிறகு எதிரெதிராக, முதல் சுற்றில் பாதி அளவுக்கும் இரண்டாம் சுற்றில் முழு அளவுக்கும் இறுக்குங்கள். எம்8 என்றால் 25, எம்10 என்றால் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் என்று தொடங்கலாம். மேனுவலில் இதைவிட அதிகம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ஸ்டட்டின் தரமும் நட்டின் வகையும் பொறுத்து மாறும். இரண்டு நட்டுகளுக்குப் பொதுவாக ஒரே மடக்குத் தகடு இருக்கும் வண்டியில் அதைப் புதிதாகப் போடுங்கள்.

ஹப் ரப்பருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையவே உண்டு. கப்ளிங் ரப்பர் என்றும் சொல்லும் அந்தத் துண்டுகள், கியர் மாற்றும்போதும் ஆக்சிலரேட்டரை விடும்போதும் விழும் அடியை வாங்கிக்கொள்வதற்காக வைத்தவை. அவை கல்லாகியோ நசுங்கியோ போனால் அந்த அடி நேராக ஸ்ப்ராக்கெட் நட்டுகளில் விழும். முதல் கியரில் போட்டு, எஞ்சினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். செயின் தொய்வு கழிந்த பிறகும் ஹப்புக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் விறைப்பே இல்லாமல் கடகட என்று ஆடினால் ரப்பரை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஸ்ப்ராக்கெட் தாங்கிக்குள் தனி பேரிங் இருந்தால் அதையும் விரலால் சுழற்றிப் பாருங்கள். சாய்ந்து ஆடும் தாங்கியில் எந்த நட்டும் நிற்காது. சைக்கிள் டியூப்பை வெட்டி ரப்பருக்கு இடையில் சொருகுவதை நிறைய இடத்தில் பார்க்கலாம். ஓரிரு வாரம் தாக்குப்பிடிக்கும், பிறகு முன்பைவிட மோசமாகும்.

ஸ்பிரிங் வாஷர் போட்டிருக்கிறோமே, அது போதாதா?

போதாது. வெட்டுவிட்ட ஸ்பிரிங் வாஷர் தட்டையாவதற்குத் தேவையான விசை, போல்ட்டின் முழுப் பிடிப்பின் முன் மிகச் சிறியது. சரியாக இறுக்கிய பிறகு அது வெறும் தட்டை வாஷர்தான். குறுக்கு அசைவுச் சோதனைகளில் அது கழல்வதைத் தடுப்பதில்லை. கம்பெனி போட்ட இடத்தில் இருந்தால் இருக்கட்டும். ஆனால் அதை நம்பி இறுக்கத்தைக் குறைக்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டாகப் போடவும் வேண்டாம். ஒவ்வொரு கூடுதல் வாஷரும் நசுங்குவதற்கு இன்னொரு முகத்தைச் சேர்க்கிறது.

உண்மையாகவே பிடிக்கும் வாஷர் வகை ஒன்று உண்டு: இரண்டு தகடுகள், உள்பக்கம் சாய்வுப் படிகள், வெளிப்பக்கம் பற்கள். நார்ட்லாக் என்ற ஸ்வீடன் பெயரில் பிரபலம். படியின் சாய்வு மரையின் சாய்வைவிட அதிகம் என்பதால், நட் பின்னால் திரும்பினால் பிடிப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடும். விலை அதிகம், பெயிண்ட் முகத்தையும் அலுமினியத்தையும் கீறும். முறையாகச் சுத்தம் செய்தும் தொடர்ந்து கழலும் ஒன்றிரண்டு இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மரைப்பசையில் எந்த நிறம்? எவ்வளவு விட வேண்டும்?

ஸ்ப்ராக்கெட் நட், முன் தகட்டுப் போல்ட், செயின் கார்டு போல்ட் எல்லாவற்றுக்கும் நடுத்தர வலிமையுள்ள நீல வகை. லாக்டைட் 243 இதற்குப் பரவலாகக் கிடைப்பது. சென்னை நிறுவனமான அனபாண்டும் இதே வகைப் பசைகள் செய்கிறது. சிவப்பு வகையை ஸ்டட்டின் ஹப் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பிறகு கழற்ற சுமார் 250 டிகிரி செல்சியஸ் சூடு காட்ட வேண்டியிருக்கும். ஊதா வகை சின்ன திருகுகளுக்கு.

இந்தப் பசை காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால்தான் உறையும். பாட்டில் பாதி காலியாக வருவதும் அதனால்தான், கடைக்காரர் ஏமாற்றவில்லை. எம்8 மரைக்கு ஒன்றிரண்டு சொட்டு போதும், நட் கடைசியில் வந்து நிற்கும் இடத்தில் விட வேண்டும். அடைபட்ட துளையாக இருந்தால் போல்ட்டில் அல்ல, துளைக்குள் விடுங்கள். உள்ளிருக்கும் காற்று போல்ட்டில் தடவியதை வெளியே தள்ளிவிடும். பழைய பசையைக் கம்பி பிரஷ்ஷால் முழுதும் எடுத்து, மரையில் எண்ணெய் இல்லாமல் காய வையுங்கள். 243 லேசான எண்ணெய்ப் பிசுக்கைப் பொறுத்துக்கொள்ளும் என்றாலும், சுத்தமான மரையில் கிடைக்கும் பிடி தனி. துத்தநாக முலாம் பூசிய போல்ட்டிலும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டிலும் மெதுவாகவே உறையும்.

இருபது நிமிடத்தில் கையால் கழற்ற முடியாத நிலைக்கு வரும், முழு வலிமைக்கு 24 மணி நேரம் வேண்டும். சாயங்காலம் பூட்டி மறுநாள் சாயங்காலம் எடுப்பது நல்ல வழக்கம். உறைந்த பிறகு "எதற்கும் ஒருமுறை இறுக்கிப் பார்ப்போம்" என்று ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் பசை உடைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். பிளாஸ்டிக் கவர்களில் பசை படாமல் பாருங்கள், சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விடும்.

ஃபெவிக்விக், நகப்பூச்சு, எம்-சீல் எதுவும் இதற்கு மாற்று அல்ல.

மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் துரு பிடிக்காதே?

பிடிக்காது. ஆனால் இறுக்க அளவு தப்பிவிடும். ஸ்பேனரில் நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிமுக உராய்விலும், 40 சதவீதம் மரை உராய்விலும் போய், போல்ட்டை நீட்ட மிஞ்சுவது சுமார் 10 சதவீதம்தான். உராய்வைக் கொஞ்சம் குறைத்தாலும் அந்தப் பத்து பெரிதாக வளரும். உலர்ந்த மரைக்குச் சொன்ன 25 நியூட்டன் மீட்டரை எண்ணெய் போட்ட மரையில் கொடுத்தால் பிடிப்பு மூன்றில் ஒரு பங்குவரை கூடி, எம்8 போல்ட் நிரந்தரமாக நீளும் எல்லைக்குப் போய்விடும். மேனுவல் "எண்ணெய் தடவி" என்று சொன்ன இடத்தில் மட்டும் தடவுங்கள். ஆக்சில் தண்டின் உடம்புக்குக் கிரீஸ் கட்டாயம், அதன் மரையைத் துடைத்துவிடுங்கள்.

டார்க் ரென்ச் (இறுக்க அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லை. கையளவில் இறுக்கலாமா?

எம்6-ஐக் கை அளவில் இறுக்கி முறிப்பவர்களும், எம்10-ஐ அதே கையால் பாதி அளவில் விடுபவர்களும் ஒரே ஆட்கள்தான். கை, விசையை அளப்பதில்லை, ஸ்பேனரின் நீளத்தைத்தான் அளக்கிறது. வாங்க முடிந்தால் 10 முதல் 60 நியூட்டன் மீட்டர் வரை போகும் ஒரு கிளிக் வகை ரென்ச் வாங்குங்கள், செயின் வேலை முக்கால்வாசி அதற்குள் அடங்கும். வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், அதைக்கொண்டு நட்டைக் கழற்றாதீர்கள்.

அதுவரை ஒரு வழி உண்டு. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று எடுங்கள். ரிங் ஸ்பேனரில், நட்டின் நடுவிலிருந்து சரியாக 25 செ.மீ. தொலைவில் கயிறு கட்டி, தராசை மாட்டி, ஸ்பேனருக்குச் செங்குத்தாக இழுங்கள். வேண்டிய நியூட்டன் மீட்டரை 0.4-ஆல் பெருக்கினால் தராசு காட்ட வேண்டிய கிலோ கிடைக்கும். 25 நியூட்டன் மீட்டருக்கு 10 கிலோ, 50-க்கு 20 கிலோ. நிதானமாக, குலுக்காமல் இழுத்தால் நம்பத்தக்க அளவுதான். பழைய மேனுவல்களில் கிலோகிராம்-மீட்டரில் (kgf·m) எண் இருக்கும். 1 கிலோகிராம்-மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர்.

நைலாக் நட்டை (உள்ளே நைலான் வளையம் உள்ளது) மறுபடி பயன்படுத்தலாமா?

ஸ்ப்ராக்கெட்டில் வேண்டாம். கையால் கடைசிவரை திருக முடிகிறது என்றால் நைலான் வளையம் செத்துவிட்டது என்று பொருள். பூட்டிய பிறகு ஒன்றிரண்டு மரை நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையேல் நைலான் மரையைப் பிடிக்கவே இல்லை. சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் நைலான் இளகும், ஆகையால் சைலன்சர் பக்கம் போடக்கூடாது. அங்கே முழு உலோக லாக் நட்.

கடையில் கிடைக்கும் போல்ட் எதுவானாலும் சரியா? ஸ்டெயின்லெஸ் பளபளப்பாக இருக்கிறதே?

தலையில் 8.8 அல்லது அதற்கு மேல் எண் இருக்க வேண்டும். முதல் எட்டு, 800 மெகாபாஸ்கல் இழுவலிமை. புள்ளிக்குப் பின்னால் உள்ள எட்டு, அதில் 80 சதவீதம்வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பது. எண்ணே இல்லாத போல்ட் கேட் கீலுக்குப் போகட்டும். சாதாரண ஏ2-70 ஸ்டெயின்லெஸ்ஸின் அந்த எல்லை 450 மெகாபாஸ்கல்தான், 8.8-க்கு 640. போதாததற்கு மரையோடு மரை கடித்துப் பிடித்துக்கொள்ளும் குணமும் அதற்கு உண்டு. நம்பர் பிளேட்டுக்கு அழகு, ஸ்ப்ராக்கெட்டுக்கு ஆகாது.

செயின் டைட் செய்த பிறகு ஆக்சில் நட் தளர்கிறது. ஏன்?

பெரும்பாலும் வரிசை தவறுவதால். ஆக்சில் நட்டைத் தளர்த்தி, இரு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருப்பி, தொய்வை அளந்த பிறகு, சக்கரம் அட்ஜஸ்டரில் அழுந்தி நிற்கும்படி செய்துதான் நட்டை இறுக்க வேண்டும். அதற்கு எளிய வழி: எஞ்சின் அணைந்திருக்க, மடித்த துணியைச் செயினுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையில் வைத்துச் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் பின்னோக்கிச் சுழற்றுங்கள். செயின் இறுகிச் சக்கரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கும். அப்படியே நட்டை இறுக்கி, துணியை எடுத்து, தொய்வை மறுபடி பாருங்கள். விரலைத் துணியிலிருந்து தள்ளி வையுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைக்கும் பழக்கத்தில் விரலை இழந்தவர்கள் பலர். கியரில் போட்டு ஓடும் செயின் அருகே எந்தக் காரணத்துக்காகவும் கை போகக் கூடாது.

தொய்வு பெரும்பாலான சின்ன வண்டிகளில் 20 முதல் 30 மி.மீ., கீழ்ச் செயினின் நடுவில் அளக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். அளவுக்கு மீறி இறுக்கிய செயின் முன் ஷாஃப்டின் பேரிங்கைத் தின்னும். தொய்ந்த செயின் ஒவ்வொரு முறையும் சாட்டை போல அடித்து நட்டுகளைத் தளர்த்தும்.

காடி வெட்டிய நட்டும் ஸ்பிளிட் பின்னும் (துளையில் செருகி மடக்கும் கம்பி) உள்ள ஆக்சிலில், காடி துளையோடு பொருந்தவில்லை என்றால் அடுத்த காடி வரும்வரை முன்னால் இறுக்குங்கள். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது, சில ரூபாய்தான்.

செயின் லாக் கிளிப் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

மூடிய முனை செயின் ஓடும் திசையில், திறந்த வாய் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது உரசும்போது கிளிப் திறந்து பறந்துவிடும். கிளிப் பள்ளத்தில் "கிளிக்" என்று உட்கார்ந்ததா என்று ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தள்ளிப் பாருங்கள். பழைய கிளிப்பைத் திரும்பப் போடாதீர்கள்.

புல்லட் போன்ற ஒற்றை சிலிண்டர் வண்டியில் எஞ்சின் மவுண்ட் போல்ட்டுகளையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம். எஞ்சின் பிரேமில் அசைந்தால் செயின் கோடும் அசையும், முன் ஸ்ப்ராக்கெட்டின் தேய்மானம் அங்கிருந்தே தொடங்கும். பெரிய ஒற்றை சிலிண்டரில் ஒவ்வொரு வெடிப்பும் தனி உலுக்கல். ஒரு மவுண்ட் தளர்ந்தால் அதன் சுமை பக்கத்து மவுண்டின் வெல்டிங்குக்குப் போய் விரிசல் விடும். ஒன்றை மட்டும் பிடித்து இறுக்காதீர்கள். எல்லா மவுண்ட் நட்டையும் தளர்த்தி, எஞ்சினை இயல்பாக உட்காரவிட்டு, எல்லாவற்றையும் கையால் திருகி, பிறகு வரிசையாக இறுக்குங்கள். போல்ட் சுலபமாக உள்ளே போகவில்லை என்றால் சுத்தியலால் அடிக்காமல், எந்தத் தகடு வளைந்திருக்கிறது என்று தேடுங்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

புதிய செயின் செட் போட்ட பிறகு 300 முதல் 500 கி.மீ.க்குள் ஒருமுறை. முகங்கள் ஒன்றோடொன்று படிந்து, இழக்க வேண்டிய பிடிப்பை அந்தத் தூரத்துக்குள் இழந்திருக்கும். அதன் பிறகு ஸ்பேனர் வேண்டாம், கண் போதும். இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து ஸ்ப்ராக்கெட் வரை பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஸ்டட்டின் நுனியிலும் அதே கோட்டை நீட்டுங்கள், நட் திரும்பியதா ஸ்டட் திரும்பியதா என்பது அதில் தெரிந்துவிடும். செயினுக்கு எண்ணெய் விடும் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பு சொன்ன 12 டிகிரியைக் கோடு தெளிவாகக் காட்டும்.

கூடவே செயினையும் அளந்துவிடுங்கள். 428 செயினில் 20 கண்ணிகளின் நீளம் புதிதாக இருக்கும்போது 254 மி.மீ. இறுக்கிப் பிடித்து அளந்தால் 257 வந்துவிட்டால் கடைக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது, 259-ல் அது முடிந்த செயின். தேய்ந்த செயினைப் புதிய ஸ்ப்ராக்கெட்டில் போட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

ஹப்பில் மரை உருவிவிட்டது. பெரிய போல்ட்டாகப் போட்டுக்கொள்ளலாமா?

அலுமினிய ஹப்பில் துளையைப் பெரிதாக்கினால் சுவர் மெலியும், நான்கில் ஒன்று மட்டும் வேறு அளவாக நிற்கும். ஹெலிகாயில் போடுங்கள். லேத் பட்டறையில் டேப் அடித்து எஃகுக் கம்பிச் சுருளை உள்ளே திருகுவார்கள். அலுமினியத்தில் அது முதலில் இருந்த மரையைவிட உறுதியாகவே நிற்கும். துளையைச் சுற்றி விரிசல் இருந்தால் மட்டும் ஹப்பை மாற்றுங்கள், வெல்டிங் வைக்க வேண்டாம்.

வழியில் ஒரு நட் விழுந்துவிட்டது. வண்டியை ஓட்டலாமா?

பின் ஸ்ப்ராக்கெட்டில் நான்கில் ஒன்று போயிருந்தால், மீதி மூன்றையும் அங்கேயே இறுக்கி, பின்னால் ஆள் ஏற்றாமல், மெதுவாக, ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்காமல் பக்கத்துப் பட்டறைவரை போகலாம். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். இரண்டு போயிருந்தால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டோ தகடோ விழுந்திருந்தால் ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். ஸ்ப்ராக்கெட் ஷாஃப்டை விட்டு நழுவினால் செயின் சுருண்டு கிராங்க் கேஸை உடைக்கும், பின்சக்கரம் ஓடும் வேகத்திலேயே பூட்டிக்கொள்ளும். எம்6, எம்8, எம்10 நட்டில் இரண்டிரண்டு, இரண்டு ஸ்பிளிட் பின், ஒரு செயின் லாக், இவற்றைச் சின்ன டப்பாவில் போட்டு டூல் பையோடு வைத்துக்கொள்ளுங்கள்.